பொருந்தவில்லை

அண்ணனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, டாக்டர் கதவைச் சாத்தினார்.

"பயமா இருக்காம்மா?"

"இருக்கு டாக்டர்." அவள் கை நடுங்கியது. "ஆனா அப்பாவுக்குக் கல்லீரல் குடுக்க வேற யாரு இருக்கா? அண்ணனுக்குப் பொருந்தலைன்னு போன வாரம் சொல்லிட்டீங்க."

"உங்களுக்கு இஷ்டமில்லைன்னா இப்பவே சொல்லிடுங்க. சோதனையில பொருந்தலைன்னு வீட்டுல சொல்லிடுவோம். உண்மைக் காரணம் இந்த ரூமைத் தாண்டாது. குடுக்க வர்ற எல்லாரையும் தனியாக் கூப்பிட்டு இதைச் சொல்றதுதான் எங்க வழக்கம்."

"எல்லார்கிட்டயுமா?"

"எல்லார்கிட்டயும்."

அண்ணன் உட்கார்ந்திருந்த பக்கம், சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் குடுக்கறேன் டாக்டர்."

வெளியே வந்ததும் அண்ணன் எழுந்து ஓடி வந்தான். ஏ.சி. குளிரிலும் முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"என்ன சொன்னாரு? என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

உள்ளே அவளுக்கு வந்த அதே நடுக்கம் இப்போது அவன் விரல்களில் இருந்தது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொன்னாருண்ணா. உனக்கு மட்டும் பொருந்தியிருந்தா, என்னை இந்தப் பக்கமே வர விட்டிருக்க மாட்டியாம்."