மொட்டை மாடி மழை

"நம்ம மாடியில பெய்யற மழை அடுத்தாத்துக் கிணத்துக்குப் போறது. கேட்டியா இந்த அநியாயத்தை?"

மூன்றாவது மாடி விஜயலக்ஷ்மிக்கு வயிறு பற்றி எரிந்தது. கொடியில் கிடந்த துணியை எடுக்க மொட்டை மாடிக்குப் போனவள் கண்ணில்தான் அது பட்டது. புத்தம் புதுக் குழாய். மாடியில் விழும் மழையையெல்லாம் வாங்கி, காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி, நேரே உமர் ஃபாரூக் வீட்டுக் கிணற்றில் கொண்டுபோய் விடுகிறது.

"யார் போட்டா இதை?"

"செக்ரெட்டரி சங்கரன் மாமாதான்" என்றாள் எதிர் ஃப்ளாட் ஹம்சா. "பொண்ணைப் பார்க்க அமெரிக்கா கிளம்பறதுக்கு முன்னாடி போட்டுட்டுப் போனார்."

"யாரைக் கேட்டுண்டு? அவர் தாத்தா சொத்தா இது? நம்ம இடத்துல விழற மழை நம்மது. அதை நாமதான் சேமிக்கணும்னு சட்டமே இருக்கு."

"சேமிக்கலாம் மாமி. எங்கே சேமிக்கறது? மழைநீர்க் குழியை மூடி டைல்ஸ் போட்டாச்சே. உங்க பிள்ளை நிரஞ்சன் கார் நிக்கறதே, அதுக்கடியில."

"பேச்சை மாத்தாதே."

"மாமா வந்தப்புறம் கேட்டுக்கலாமே."

"அவர் வரதுக்குள்ள ஐப்பசியும் போயிடும், கார்த்திகையும் போயிடும். பெய்யறதெல்லாம் அவா கிணத்துல ரொம்பினப்புறம் கேட்டு என்ன ஆகப் போறது? போன் போட்டேன், எடுக்கலை. அங்கே தூங்கற நேரமாம். நன்னாத் தூங்கட்டும்."

போன மே மாதம் பட்ட பாட்டை மறக்க முடியுமா? போர்வெல் வற்றிப்போய்க் குழாயில் வெறும் காற்றுதான் வந்தது. சங்கரன் எங்கேயோ அலைந்து ஒரு லாரிக்காரனைப் பிடித்தார். லாரி விடிவதற்குள் வந்து சம்ப்புத் தொட்டியை நிரப்பிவிட்டுப் போய்விடுமாம். மூன்றாவது மாடியில் இருப்பவள் அதை எங்கே பார்ப்பது? ஆனால் தண்ணீர் என்றால் அதுதான் தண்ணீர். துவரம்பருப்பு அப்படிக் குழைய வெந்தது. சுவாமிக்கு அபிஷேகம்கூட அதில்தான் செய்தாள்.

அடுத்த கோடையிலும் அப்படித் தவிக்க வேண்டுமா? நம் போருக்குள் இறங்க வேண்டிய மழையைப் பக்கத்து வீட்டுக்குத் தாரை வார்த்தால், வற்றாமல் வேறென்ன செய்யும்?

"அதுவும் யாராத்துக்குன்னு பாரேன்" என்றாள், குரலைத் தாழ்த்தி.

"அடுப்புல பால் இருக்கு மாமி" என்று ஹம்சா நகர்ந்தாள்.

கூப்பிட்டு அனுப்பிய பிளம்பர் கபாலி ஏணியோடு வந்து சேர்ந்தான். குழாயை மேலும் கீழும் பார்த்தான்.

"இன்னா மாமி, பைப்பு நல்லாத்தானே கீது? இத்த எதுக்கு அறுக்கணும்?"

"சொன்னதைச் செய்யப்பா. ஏணியில ஏறித் தயாரா இரு. நான் போய் அவா முகத்துக்கு நேரே சொல்லிட்டு வரேன். சொல்லாம அறுத்துட்டான்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது."

ஃபாரூக் கடைக்குப் போயிருந்தார். கதவைத் திறந்தது அவர் மனைவி அமீனா பீ. அடுத்தடுத்த கட்டடத்தில் இத்தனை காலம் இருந்தும் இரண்டு பேரும் முகம் பார்த்துப் பேசியது கிடையாது.

"பக்கத்து ஃப்ளாட் அசோசியேஷன்லேர்ந்து வரேன்" என்று வாசலிலேயே ஆரம்பித்தாள் விஜயலக்ஷ்மி. "உங்க மாடியில விழறதை நீங்க எடுத்துக்கோங்கோ. யாரும் ஒண்ணும் சொல்லலை. எங்க மாடி மழையையும் உங்க கிணத்துக்குத் திருப்பிண்டா அது எந்த ஊர் நியாயம்? ஆள் வந்தாச்சு. இப்பவே அறுக்கப் போறோம்."

சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது.

"மொதல்ல உக்காருங்கம்மா" என்று நாற்காலியை இழுத்துப் போட்ட அமீனா பீ, உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"வேண்டாம். நான் வெளியில எங்கேயும் ஜலம் குடிக்கறதில்லை."

"நல்ல தண்ணிம்மா. போன கோடையில உங்க ஃப்ளாட்டுல எல்லாரும் குடிச்சதுதான்."

"எங்க ஃப்ளாட்டுக்கு வந்தது லாரித் தண்ணி."

அமீனா பீ சிரித்துவிட்டாள்.

"லாரி ஏதும்மா? எங்க கிணத்துல மோட்டாரைப் போட்டு, சுவத்து மேல ஹோஸை விட்டு, உங்க சம்ப்பை ரொப்புவாரு எங்க வீட்டுக்காரரு. விடியறதுக்கு முன்னாடியே எழுந்துடுவாரு அதுக்காக. பதிலுக்கு நாங்க என்ன செய்யறதுன்னு உங்க சங்கரன் சார் கேட்டாரு. ஒண்ணும் வேணாம், உங்க மாடித் தண்ணி ரோட்டுல வீணாத்தானே ஓடுது, அதை இந்தக் கிணத்துல விடுங்க, அடுத்த கோடைக்கும் நம்ம ரெண்டு பக்கத்துக்கும் ஆகும்னாரு இவரு. அதான் அந்தப் பைப்பு."

விஜயலக்ஷ்மிக்குக் குழைந்து வெந்த பருப்பு ஞாபகத்துக்கு வந்தது. அபிஷேகமும் வந்தது.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கபாலி குரல் கொடுத்தான். "மாமி, அறுத்துடட்டா?"

"வேண்டாம்ப்பா. கீழே இறங்கிடு."

அப்புறம்தான் அவளுக்குக் கேட்கத் தோன்றியது. "இதை ஏன் யாரும் எங்ககிட்டே சொல்லலை?"

அமீனா பீ கொஞ்சம் தயங்கினாள். வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"சங்கரன் சார்தான் சொல்ல வேணாம்னாரு. உங்க மூணாவது மாடியில வயசானவங்க ஒருத்தங்க இருக்காங்களாமே? எங்க வீட்டுத் தண்ணின்னு தெரிஞ்சா கையால தொட மாட்டாங்களாம். அந்த வெயில்ல தண்ணியில்லாம அவங்க என்ன பண்ணுவாங்க, பாவம்? லாரின்னே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டோம். நீங்களும் அவங்ககிட்ட சொல்லிடாதீங்கம்மா."