தனிக் குடம்

"பிள்ளை, அதைத் தொடாதை! உன்ரை குடம் அங்காலை இருக்கு."

மாமியாரின் குரல் கேட்டுக் குணலட்சுமி நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். இரண்டு வருடமாக இதே பாட்டுத்தான். வீட்டுக்கெல்லாம் ஒரு குடம், அவளுக்கு மட்டும் குசினி அடுப்படி மூலையில் மூடி போட்ட தனிக் குடம். அவள் கை பட்டால் தீட்டாகிவிடும் போலும்.

வல்வெட்டித்துறைக் கடற்கரையிலிருந்து இணுவில் தோட்டக்காரர் வீட்டுக்கு, இரண்டு பக்கத்துச் சொந்தமும் முகத்தைத் திருப்ப, விரும்பிக் கட்டி வந்தவள் அவள். கட்டியவன் தியாகலிங்கம் கொழும்பு அலுவலகமொன்றில் கிளாக்கர். மாதத்தில் இரண்டு நாள் வந்து போகிறவனிடம் குடக்கதையை எப்படி எடுப்பது?

மாமியார் சிவக்கொழுந்துக்குப் பக்தியில் மட்டும் குறைச்சல் இல்லை. விடிய முன்னமே கோயிலுக்குப் போய்விடுவார். சாமிக்கு ஒரு முகம், கடற்கரை மருமகளுக்கு ஒரு முகம்!

குணலட்சுமிக்கோ வெயில் ஏறுமுன் எழும்ப முடிவதில்லை. எலும்பெல்லாம் உளைவு, அடங்காத தாகம், காரணமில்லாத அழுகை. சிறுநீரகத்தில் கல் இரண்டாம் முறையும் வந்துவிட்டது.

இன்றோடு சரி. டொக்டரிடம் இரத்தச் சோதனையின் முடிவைக் கேட்டுவிட்டு, அப்படியே வல்வெட்டித்துறை பஸ். பிறகு இந்த வீட்டுப் படி மிதிப்பதில்லை. பையில் நாலு சேலை வைத்தாயிற்று. கூட வந்த மாமியார், "பையை என்னட்டைத் தா, பிள்ளை" என்று கேட்டும் கொடுக்கவில்லை.

டொக்டர் கனிசியஸ் கடதாசியை இரண்டு தரம் பார்த்தார்.

"தங்கச்சி, இரண்டு முறை சோதிச்சாச்சு. உங்கடை ரத்தத்திலை கல்சியம் கூட. கழுத்துக்குள்ளை உளுந்து மாதிரி நாலு சுரப்பி இருக்கு. அதிலை ஒண்டு வீங்கி, அளவுக்கு மிஞ்சி வேலை செய்யுது போலை. எலும்பிலை இருக்கிற கல்சியத்தை உருவி ரத்தத்திலை விடுது. கல்லும், உளைவும், தாகமும் எல்லாம் அதாலைதான்."

"அழுகை?"

"அதுவும் அதாலை வரலாம். கொழும்பிலை ஒப்பரேசன் செய்து அந்தச் சுரப்பியை எடுத்தால் சுகம் வரும்."

குணலட்சுமிக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை நாளும் தன்னைச் சோம்பேறி என்று தானே திட்டிக்கொண்டிருந்தவள் அவள்.

"கல்லு எண்டால் எல்லாரும் கிணத்துச் சுண்ணாம்புத் தண்ணியைத்தானே குற்றம் சொல்லுவினம். நீங்கள் எப்பிடி இதைக் கண்டுபிடிச்சனீங்கள்?"

டொக்டர் சிரித்தார்.

"நானும் அப்பிடித்தான் எழுத இருந்தனான். அண்டைக்கு நீங்கள் எக்ஸ்ரே எடுக்கப் போன நேரம், வீட்டிலை என்ன தண்ணி குடிக்கிறியள் எண்டு உங்கடை மாமியைக் கேட்டன். 'நாங்கள் எங்கடை கிணத்துத் தண்ணிதான் ஐயா. முதல் கல்லு வந்த நாள் துவக்கம் இவளுக்கு மட்டும் கோயிலடிக் கிணத்து நல்ல தண்ணி. விடிய நானே போய் அள்ளிக்கொண்டு வந்து, கலக்காமல் வேறை குடத்திலை வைக்கிறன்' எண்டு சொன்னவ. பிறகும் கல்லு வருகுதெண்டால் குற்றம் தண்ணியிலை இல்லையே! அதாலைதான் ரத்தத்தைப் பாத்தனான்."

குணலட்சுமி திரும்பினாள். மாமியார் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் மாமி எனக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லை?"

"எங்களை நம்பித் தாய் தேப்பனை விட்டிட்டு வந்தனீ. எங்கடை வீட்டுத் தண்ணிதான் உனக்கு வருத்தம் தந்தது எண்டு எந்த முகத்தோடை சொல்லுறது, பிள்ளை?"