ஆறாம் படுக்கைக்காரரின் கால்கள்

'பக்கவிளைவு இல்லை' என்று கையெழுத்துப் போடும் முன், நோயாளியின் உடம்பை ஒரு நிமிடம் நாங்களும் உணர்ந்து பார்க்க வேண்டும். எங்கள் மனநல வார்டில் இது புது விதி. அவர் கையில் ஒரு பட்டை, நர்ஸ் கையில் ஒரு பட்டை. கட்டிக்கொண்டால் அவர் உடம்பு படுவது நர்ஸுக்கும் வரும், அவ்வளவுதான்.

ஆறாம் படுக்கை குழந்தைசாமி, மாத்திரை மாற்றிய நாளிலிருந்து வராந்தாவில் நடந்துகொண்டே இருப்பார். "காலுக்குள்ள என்னமோ ஊருது சிஸ்டர்" என்பார். "சும்மா உக்காருங்க, சரியாயிடும்" என்பேன். பதினோரு வாரமாக அவர் குறிப்பேட்டில் 'பக்கவிளைவு இல்லை, சொல்பேச்சு கேட்பதில்லை' என்றுதான் எழுதிவந்தேன்.

இன்று அவர் கையில் ஒரு பட்டையைக் கட்டி, மற்றதை நான் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். பத்து நொடிகூட உட்கார முடியவில்லை. எலும்புக்குள் எறும்பு ஊர்ந்தது. எழுந்து நின்றாலும் தாங்கவில்லை. வராந்தாவில் நடக்கத் தொடங்கினேன். அவரும் கூடவே நடந்தார்.

அரை நிமிடத்தில் பட்டையைப் பிய்த்து எறிந்தேன். என் கால்கள் சட்டென்று அடங்கிவிட்டன. அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

குழந்தைசாமி கீழே கிடந்த பட்டையை எடுத்து என்னிடம் தந்தார். பிறகு, கால் மாற்றிக் கால் மாற்றி நின்றபடியே தன் கையை நீட்டினார்.

"என்னோடதையும் கழட்டிவிடுங்க சிஸ்டர். எனக்கும் நின்னுடும்ல?"