கால் சுற்று

டொக்.

நெல்டா கைத்தடியால் சமையலறைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். பலகைகளுக்கு அடியிலிருந்து அவருடைய கணவர் ஓர்வில்லின் குரல் வந்தது. "இன்னுமா சாயுது?"

"சாயுது! இடது பக்கமா அப்படியே ஆளை இழுக்குது!" நாற்காலியை விட்டு எழாமலேயே பதில் சொல்லிவிட்டு, மடியிலிருந்த பீன்ஸுக்கு நார் உரிக்கத் தொடங்கினார் நெல்டா.

வாசலில் கருவிப் பெட்டியோடு நின்ற டெல்பெர்ட்டை அப்போதுதான் பார்த்தார். அந்த மலைப்பக்கத்து வீடுகளில் தொய்ந்துபோன தரைகளைத் தூக்கி நிறுத்துவது அவன் தொழில். நேற்று நெல்டாதான் போன் செய்து வரச் சொல்லியிருந்தார்.

"வா டெல்பெர்ட். இந்த மாசம் மட்டும் மூணு தடவை விழுந்துட்டேன். ஒரு தட்டுன்னா சாயுது, ரெண்டு தட்டுன்னா சரியாயிருச்சுன்னு எங்களுக்குள்ள பேச்சு. ரெண்டு தட்டுத் தட்டுற நாளே வரமாட்டேங்குது."

"பாத்துரலாம்மா. அய்யா அவசரப்பட்டு, தரையைத் தூக்குற ஜாக்கியை முறுக்கிட்டாரோ என்னவோ."

"அவரா? என்னைக் கட்டிக்கிறியான்னு கேக்கவே ஒன்றரை வருஷம் எடுத்துக்கிட்ட மனுஷன்!"

டெல்பெர்ட் சிரித்துக்கொண்டே வீட்டின் பின்பக்கம் போனான். அஸ்திவாரச் சுவரிலிருந்த சின்னக் கதவைத் திறந்து, வயிற்றால் ஊர்ந்து உள்ளே நுழைந்தான். தரைக்கும் மண்ணுக்கும் நடுவே இரண்டடி உயரம்கூட இல்லை. அக்டோபர் மாதத்து மண் சில்லென்றிருந்தது.

டார்ச் அடித்துப் பார்த்தான். ஒழுகிய குழாயை அடைத்தாகிவிட்டது. மண்ணின் ஈரம் மேலே ஏறாமலிருக்க பிளாஸ்டிக் தாள் விரித்திருந்தது. உளுத்த விட்டங்களின் பக்கவாட்டில் புது மரம் சேர்த்து போல்ட் போட்டிருந்தது. நடு உத்தரத்தை ஜாக்கி தாங்கி நின்றது. அதன் திருகில் சிலந்தி வலை கட்டியிருந்தது.

உத்தரத்தின் அடியில் ரசமட்டத்தை வைத்தான். குமிழி நட்ட நடுவில் நின்றது. நம்பிக்கையில்லாமல் இன்னும் மூன்று இடங்களில் வைத்துப் பார்த்தான். அங்கும் அப்படித்தான்.

சற்றுத் தள்ளி ஓர்வில் மல்லாந்து படுத்திருந்தார்.

"அய்யா, நான் செஞ்சிருந்தாகூட இவ்வளவு சுத்தமா வந்திருக்காது. தரை எங்கயுமே சாயலையே. அப்புறம் எப்படி அம்மா…"

"டார்ச்சை என் முகத்துல அடிக்காதே."

டெல்பெர்ட் வெளிச்சத்தைத் திருப்பினான். மேலே நாற்காலி கிறீச்சிடுவது, பீன்ஸ் பாத்திரத்தில் விழுவது, எல்லாம் தெளிவாகக் கேட்டன.

"நாளுக்குக் கால் சுற்று," என்றார் ஓர்வில், தணிந்த குரலில். "அதுக்கு மேல முறுக்கினா சுவர் விரிசல் விட்டுரும். ஜூன்ல ஆரம்பிச்சேன். ஆகஸ்ட்லயே மட்டம் வந்துருச்சு."

"அப்போ அம்மா விழுறது?"

"தலைக்குள்ள கட்டி. ஒண்ணும் செய்யறதுக்கில்லைன்னுட்டார் நாக்ஸ்வில் டாக்டர். அவளும் பக்கத்துலதான் உக்காந்திருந்தா. ஆனா காதுலயே வாங்கிக்கல. வீட்டுக்கு வந்ததும், 'ஓர்வில், இந்தத் தரையைச் சரி பண்ணு, நான் ஏன் விழப்போறேன்'னா. தரைதான்னு நம்புறா. நம்பட்டுமே."

டெல்பெர்ட்டுக்கு எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியவில்லை. விட்டம் இற்றுப்போயிருந்தால் மாற்றலாம். அதைத்தான் அவனுக்குச் செய்யத் தெரியும்.

"நேத்து இதுக்கு மேல நடிக்க என்னால முடியல. வேலை முடிஞ்சிருச்சுன்னு சொல்லிட்டேன். உடனே உனக்குப் போன் பண்ணிட்டா. நீ போய் இன்னும் ரெண்டு வாரம் ஆகும்னு சொல்லு. நீ சொன்னா நம்புவா."

"தினமும் காலையில இங்க வந்து என்னதான் அய்யா பண்றீங்க?"

"படுத்திருப்பேன்," என்றார்.

டெல்பெர்ட் சமையலறைக்குத் திரும்பினான். சட்டையிலிருந்த மண்ணைத் தட்டுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டான்.

"நடு உத்தரம் இன்னும் கொஞ்சம் இறங்கித்தான் இருக்கும்மா. ரெண்டு வாரம்…"

"உனக்குப் பொய் சொல்ல வரல டெல்பெர்ட். உங்கப்பாவுக்கும் வராது." நெல்டாவின் குரல் அவனுக்கு மட்டும் கேட்டது. "தரை சமமாத்தான் இருக்கு. சாயுறது நான்தான். டாக்டர் சொன்னதுல ஒரு வார்த்தைகூட நான் மறக்கல."

"அப்புறம் எதுக்கும்மா என்னைக் கூப்பிட்டீங்க?"

நெல்டா உதட்டில் விரலை வைத்தார். பலகைகளுக்கு அடியில் யாரோ மூச்சைப் பிடித்துப் பிடித்து விடுவதுபோல் ஒரு சத்தம். அது அடங்கும்வரை இருவரும் அசையவில்லை.

பிறகு கைத்தடியை எடுத்து, தரையில் ஒரே ஒரு தட்டுத் தட்டினார்.

"ரெண்டு வாரமெல்லாம் பத்தாது. உத்தரமே போச்சுன்னு அவர்கிட்ட சொல்லு," என்றார் நெல்டா. "அழுறதுக்கு அவருக்கு வேற இடம் இல்லப்பா."