ஷீபாவின் மாட்டுக்குப் புல்

"உங்க ரெண்டு வீட்டு மாடும் வைக்கோல்தான் திங்குதுங்களா?" என்று கால்நடை டாக்டர் மறுபடியும் கேட்டார். கோடையில் மாடுகளின் ரத்தத்தில் ஆன்டிஆக்ஸிடென்ட் சத்து எவ்வளவு குறைகிறது என்று ஊர் ஊராகப் பார்த்துவருகிறவர் அவர்.

"காவேரியே காஞ்சு கெடக்கு, புல்லுக்கு எங்கங்க போறது?" என்றாள் ஜெசிந்தா.

"உங்க மாட்டுக்குக் குறைஞ்சிருக்கு. உங்க ஓரகத்தி ஷீபா மாட்டுக்கு ஏறியிருக்கே! தினமும் பச்சைப்புல் தின்னாத்தான் இப்படி வரும்."

ஜெசிந்தாவுக்கு வயிறு எரிந்தது. ஷீபாவின் புருஷன் மஸ்கட்டிலிருந்து வருஷம் தவறாமல் கிறிஸ்துமஸுக்கு வந்துபோகிறான். அவனுடைய அண்ணன் ரெமிஜியஸ்தான் ஜெசிந்தாவின் புருஷன். குவைத்துக்குப் போய், அங்கேயே செத்து, அங்கேயே அடக்கமும் ஆகிவிட்டவன். மாட்டு ரத்தத்தில்கூட ஷீபாவுக்குத்தான் யோகமா?

விடிந்ததும் ஷீபாவின் தொழுவத்துக்குள் நுழைந்தாள். மாட்டின் முன்னால் ஈரம் சொட்டும் புல்கட்டு கிடந்தது. அதைக் கட்டியிருந்த வைக்கோல் பிரி இடப்பக்கமாக முறுக்கியிருந்தது. அந்த ஊரில் அப்படிப் பிரி திரித்தவன் ரெமிஜியஸ் ஒருவன்தான்.

அன்று சாயங்காலமே தன் மாட்டை ஓட்டிவந்தாள். "எங்க கொட்டாயில கொசு தாங்கல. இங்கயே கெடக்கட்டும்."

"தாராளமா கட்டுங்கக்கா" என்றாள் ஷீபா.

மறுநாள் காலையில் ஒரே ஒரு புல்கட்டுதான் கிடந்தது, ஷீபாவின் மாட்டுக்கு முன்னால். ஜெசிந்தாவின் மாடு கயிறு விறைக்க அதை எட்டப் பார்த்துக்கொண்டு நின்றது. வாசலிலிருந்து வந்த ஈரக் காலடிகள் ஜெசிந்தா மாட்டின் பக்கம் அண்டாமல் சுற்றி விலகிப் போயிருந்தன.