மூன்று துளைகள்

கடைசித் திருகாணியை முடுக்கிவிட்டு அவன் பெட்டியைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தான். உள்ளே எதுவும் உருளவில்லை.

உள்ளங்கையில் அடங்குகிற அலுமினியப் பெட்டி. மேலே உறிஞ்சுகிற குழல். பக்கவாட்டில் ஒரு பொத்தான், ஒரு திருகு.

திருகைக் கூட்டினால் வோல்டேஜ் ஏறும், ஆவி அடர்த்தியாக வரும். குறைத்தால் மெலியும். வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போய் ஒருநாள் நிறுத்திவிடுவது என்று திட்டம். இத்தனை வருடச் சிகரெட்டை விட அவனுக்கு வேறு வழி தெரியவில்லை. கடையில் இந்த இ-சிகரெட்டை விற்கத் தடை. செய்தால்தான் உண்டு.

கூடத்தில் அவன் மனைவி ஆயுத பூஜைக்குச் சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தாள்.

கிண்ணத்தை இடது கையில் பிடித்திருந்தாள். அந்த உள்ளங்கைத் தோல் இன்னும் இளஞ்சிவப்பாகத்தான் இருந்தது.

அது முதல் பெட்டி செய்த வேலை.

சிங்காநல்லூர் முழுக்க வீடு வீடாகப் போய் இன்வெர்ட்டருக்கு ஃபியூஸ் போடுகிறவன், தன் பெட்டிக்குப் போடவில்லை. பழைய லேப்டாப்பிலிருந்து பிடுங்கிய பேட்டரி செல். உறை வேறு கிழிந்திருந்தது. ஒன்றும் ஆகாது என்று ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனான். சீறுகிற சத்தம் கேட்டு ஓடி வந்தவள் அவள்தான். கையால் எடுத்து வாசலில் வீசினாள்.

டாக்டரிடம், வடைச் சட்டி எண்ணெய் கொட்டிவிட்டது என்றாள். அவன் பக்கத்திலேயே நின்றிருந்தான்.

அதைப் பற்றி அவள் இன்றுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

இந்த முறை எல்லாம் வைத்திருந்தான். புது செல். ஃபியூஸ். அளவு மிஞ்சினால் தானே துண்டித்துக்கொள்கிற சின்ன போர்டு. இனி வெடிக்காது என்று சத்தியம் செய்யாத குறையாக அவளிடம் சொல்லியும் இருந்தான்.

அடியில் மூன்று துளை போட்டதை மட்டும் சொல்லவில்லை.

அவள் வந்தாள். சால்டரிங் அயர்னுக்குப் பொட்டு வைத்தாள். மீட்டருக்கு, ஸ்க்ரூ டிரைவர்களுக்கு, வண்டிச் சாவிக்கு. அவளுக்கு எதுவும் விடுபடக் கூடாது.

பெட்டியை அவன் மடியில் மறைத்துக்கொண்டான். அது சோறு போடுகிற சாமான் இல்லையே.

அவள் கையை நீட்டினாள். இடது கை.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். இவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

கொடுத்தான்.

மேலே பார்த்தாள். எங்கும் பொத்தானும் திருகுமாக இருந்தது. திருப்பினாள். அடியில் வரிசையாக மூன்று துளைகள், பொட்டுக்கென்றே விட்ட மாதிரி. மோதிர விரலால் சந்தனத்தைத் தொட்டு ஒவ்வொன்றையும் அழுத்தி நிரப்பினாள். அதன்மேல் குங்குமம். கைவேலை சுத்தம்.

குத்துவிளக்கை நோக்கி அதை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

பேசாமல் இருந்துவிடலாம். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை யாரும் தொடப்போவதில்லை. நாளைக்கு அவள் அடுக்களையில் இருக்கும்போது ஊக்கால் நோண்டி எடுத்துவிடலாம். ஒன்றும் ஆகாது.

ஒன்றும் ஆகாது என்றுதான் அன்றைக்கும் நினைத்தான்.

"தாரணி, அது பொட்டு வெக்கற எடமில்ல. எல்லாத்தையும் மீறி வெடிச்சுதுன்னா, நெருப்பு மூஞ்சிக்கு வராம கீழ போறதுக்கு வுட்ட ஓட்டை."

அவள் நின்றுவிட்டாள். திரும்பவில்லை. கையிலிருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேண்டாம் என்று சொல்லிவிடுவாள். அவள் சொல்வதில் நியாயமும் இருக்கும். ஆனால் சாயங்காலம் தெருமுனைப் பெட்டிக்கடையில் சிகரெட்டுக்குப் போய் நிற்பான். அதுவும் அவனுக்குத் தெரியும்.

அவள் திரும்பி வந்து செல்லைக் கழற்றச் சொன்னாள்.

கழற்றினான். வெறும் பெட்டி போய்ப் பொரிகடலைத் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. செல் அவள் கையில் இருந்தது.

"இது எங்கிட்ட இருக்கட்டுங்க. வேணுங்கறப்பக் கேளுங்க, தர்றேன்."

முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே பீரோ சாவி.

அவன் எழுந்துவிட்டான்.

போட்ட காவல் அத்தனையும் பெட்டிக்குள் இருந்தது. அவள் முடிந்துகொள்ளப் போவது வெறும் செல். சாவி இரண்டு முனையிலும் பட்டால் போதும், ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும். இந்த முறை உள்ளங்கை இல்லை, இடுப்பு.

செல்லைத் திரும்ப வாங்கினான். இன்சுலேஷன் டேப்பைக் கிழித்து ஒரு முனையில் ஒட்டினான். மறுமுனையில் ஒட்டினான்.

அதுவே போதும். எந்த மெக்கானிக்கும் அதோடு நிறுத்திவிடுவான்.

அவன் சுற்றினான். இன்னொரு சுற்று. அதன்மேல் இன்னொன்று.

அவள் உள்ளங்கையை விரித்தபடி நின்றாள். கற்பூரம் ஏற்ற நேரமாகிறது என்று சொல்லவில்லை.

டேப் தீர்ந்தபோது செல் எலுமிச்சம்பழத் தடிமனுக்கு வந்திருந்தது. வேண்டும் என்று கேட்டு வாங்கினாலும், பிரிப்பதற்குள் பாதி நாள் போய்விடும்.

அந்த இளஞ்சிவப்புத் தோலில் அதை மெதுவாக வைத்தான்.