நீக்குவதற்கான காரணம்

இரண்டு நட்சத்திரம்.

அக்கா கைபேசியைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தாள். எப்படிப் பிடித்தாலும் இரண்டுதான்.

மூன்று மணிக்கு அடுத்த விருந்தினர் வந்துவிடுவார். கட்டிலில் விரிப்பு பாதிதான் போட்டிருந்தது. மறுபாதியைப் பிடித்துக்கொண்டு எதிர்முனையில் தங்கை நின்றாள். நாள் கணக்கில் வாடகைக்கு விடும் இந்த ஒற்றைப் படுக்கையறை வீட்டை இருவரும்தான் கவனித்துக்கொள்கிறார்கள். துடைப்பது தங்கை, சிரிப்பது அக்கா.

அக்கா விமர்சனத்தை இன்னொரு முறை படித்தாள்.

'சாவியைப் பெட்டியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். நான்கு நாளில் வீட்டு உரிமையாளர் ஒருமுறைகூட முகம் காட்டவில்லை. பால்கனிக் கதவு இன்னும் கீச்சிடுகிறது. ஒரு ஆள் படுக்க நான்கு தலையணை எதற்கென்று தெரியவில்லை. வீடு சுத்தமாக இருக்கிறது. ஆனால் வீடு போல இல்லை.'

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தூங்கத் தெரியாதவர் தலையணை அதிகம் என்கிறார்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு ஆள் பிடித்துத் தரும் வாடகைச் செயலிக்காரர்கள் கணக்குப் பார்ப்பார்கள். 'சிறந்த உபசரிப்பாளர்' பட்டம் நிலைக்கச் சராசரி நாலு புள்ளி எட்டு நட்சத்திரம் வேண்டும். நேற்றுவரை அவளிடம் சரியாக நாலு புள்ளி எட்டு இருந்தது. பட்டம் போனால் தேடல் பட்டியலில் வீடு ஒன்பதாம் பக்கத்துக்குப் போய்விடும். ஒன்பதாம் பக்கம்வரை தேடிவந்து தங்குகிற அளவுக்கு இந்த உலகத்தில் யாருக்கும் பொறுமை கிடையாது. அக்காவுக்கோ வேறு பிழைப்பு கிடையாது.

பதில் எழுதினாள்.

'வீடு போல வேண்டும் என்கிறவர்கள் வீட்டிலேயே இருந்திருக்கலாம்.'

நன்றாகத்தான் வந்திருந்தது. அழித்தாள்.

'முகம் காட்டுவது நாங்கள் தரும் வசதிகளில் சேராது. துண்டு, சோப்பு, வைஃபை மட்டுமே.'

இது இன்னும் நன்றாக வந்திருந்தது. இதையும் அழித்தாள். உபசரிப்பாளருக்கு ரோஷம் ஆகாது என்று செயலியின் அறிவுரைப் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. தலையில் குட்டியவருக்கும் கைகூப்பி நன்றி சொல்ல வேண்டுமாம்.

உண்மையில் முகம் காட்டுவதில் அவளை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. வருகிற ஒவ்வொருவருக்கும் வாசலில் நின்று கையில் சாவி கொடுப்பாள், தேநீர் போட்டுத் தருவாள், ஊர்க்கதை கேட்பாள். அந்த நாலு நாள் மட்டும் முதுகுவலி என்று தங்கை வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டாள். பதிவு வந்தபோதே மறுத்திருக்கலாமே என்று தங்கை கேட்டதற்கு, விருந்தினர் என்றால் எல்லாரும் விருந்தினர்தான், எனக்கென்ன பயமா என்று வீறாப்புப் பேசினாள். வீறாப்புக்குக் கிடைத்த கூலி இரண்டு நட்சத்திரம்.

சரி, விமர்சனத்தையே நீக்கச் சொல்லலாம். அதற்கு ஒரு படிவம் இருந்தது. காரணங்களை அவர்களே வரிசையாகப் போட்டிருந்தார்கள். பொருந்துவதைத் தொட்டால் போதும்.

விமர்சனத்தில் தகாத சொற்கள் உள்ளனவா? இல்லை. மனுஷர் வைதால்கூட 'தயவுசெய்து' போட்டு வைகிற ரகம்.

விமர்சித்தவர் வீட்டில் தங்கவே இல்லையா? தங்கினார். போர்வையை நாலு மூலையும் சேர்த்து மடித்துவேறு வைத்துவிட்டுப் போயிருந்தார்.

உங்களுக்குத் தொழில்முறைப் போட்டியாளரா? அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. பார்க்கிற வேலையையே உருப்படியாகப் பார்க்கத் துப்பில்லாதவர் போட்டிக்கு வேறு கிளம்புவாரா?

கைபேசியைக் கட்டிலில் எறிந்தாள். நியாயத்துக்கு இந்தச் செயலியில் இடமில்லை என்றாள். வெள்ளிக்கிழமையோடு எல்லாம் போயிற்று என்றாள். கண் கலங்கிவிட்டது.

விரிப்பைக் கீழே விட்டுவிட்டுத் தங்கை வந்தாள். கைபேசியை எடுத்துத் திரையை மேலே தள்ளினாள்.

"அக்கா, கடைசியா இன்னொரு காரணம் இருக்கு. பாரு."

'விமர்சித்தவர் உங்கள் உறவினரா? உறவினர் எழுதும் விமர்சனம் செல்லாது.'

அக்கா பார்த்தாள். காலையிலிருந்து அவள் விரல் இந்த வரிக்கு மேல்வரை வந்து வந்து நின்றுகொண்டிருந்தது. அது தங்கைக்கும் தெரியும்.

"இதைத் தொட்டா ஆமான்னு ஆயிடுமேடி."

தங்கை தலையணைக்கு உறை மாட்டப் போய்விட்டாள்.

இரண்டு வருஷமாக அக்கா அந்த உறவைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வங்கியில் கேட்டபோது அப்படி யாரும் இல்லை என்றாள். வக்கீலிடம்கூட 'அந்த ஆள்' என்றுதான் சொல்வாள். வழக்கு இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. மானம் பெரிதா, பிழைப்பு பெரிதா என்று கொஞ்ச நேரம் யோசித்தாள். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது.

தொட்டாள். என்ன உறவு என்று ஒரு பட்டியல் விரிந்தது. யாருக்குத் தெரியப்போகிறது என்று சொல்லிக்கொண்டு அதிலும் ஒன்றைத் தொட்டு, சட்டென்று அனுப்பிவிட்டாள்.

ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது. விமர்சனம் போய்விட்டது, நாலு புள்ளி எட்டு திரும்பிவிட்டது. இப்படி ஒரு சுறுசுறுப்பு நீதிமன்றத்துக்கு இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அக்கா உரக்கச் சிரித்தாள்.

விமர்சனம் எழுதியவருக்கு அனுப்பிய கடிதத்தின் நகலும் கூடவே வந்திருந்தது. சிரித்த வாயோடு அதையும் திறந்தாள்.

'அன்புள்ள விருந்தினரே, உங்கள் மனைவி கேட்டுக்கொண்டதற்கு இணங்க...'